இரும்பு நுழையாத அறை

சங்கிலிமுத்து வீட்டைப் பற்றி அச்சங்குளத்திலும் சுற்றுப்பட்டிகளிலும் இரண்டு பேச்சு நடமாடுகிறது. மகன் புகழேந்தி குடித்துவிட்டு வேலைக்குப் போய் வெடிமருந்து அறையில் விழுந்தான், அதனால்தான் பட்டாசுக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பது ஒன்று. மகள் இசைவாணி பெங்களூரில் எலிகளை வதைக்கிறாள், அந்தப் பாவம்தான் தம்பியைப் பிடித்தது என்பது இன்னொன்று. இரண்டும் பொய். சங்கிலிமுத்து எனக்குச் சித்தப்பா மகன். எங்கள் வகையறாவில் இன்றைக்கு மூத்தவன் நான். புகழேந்தி ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை. இப்போது சிவகாசியில் காலண்டர் அடுக்கித் தைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறான். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியது என் கடமை. அதில் தலை குனிய வேண்டிய இடமும் உண்டு. நிமிர வேண்டிய இடம் அதைவிடப் பெரிது.

எங்கள் தாத்தாமார் அடுத்தவர் காட்டில் கம்பு அறுத்தவர்கள். காட்டுக்காரர் வீட்டு வாசலில் நின்று கையேந்திக் கூழ் குடித்தவர்கள். அந்த நிலைமையிலிருந்து முதலில் விலகி, சிவகாசிக்கு நடந்துபோய் லாரியில் லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தவன் சங்கிலிமுத்து. முதுகில் பெட்டி சுமந்தாலும் யார் முன்னாலும் முதுகு வளைய மாட்டான். அவனுக்கு ஒரே ஒரு கொள்கை. "நம்மளப் பாத்து 'அய்யோ பாவம்'னு ஒருத்தனும் சொல்லக் கூடாது" என்பான். வைதால் பொறுத்துக்கொள்வான், இரக்கப்பட்டால் பொறுக்க மாட்டான்.

அப்படிப்பட்டவன் வீட்டில்தான் புகழேந்திக்குப் பள்ளிக்கூடம் முடித்த வருடம் வலிப்பு வந்தது. கை கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து வெட்டி வெட்டி இழுத்தான். சங்கிலிமுத்து ஓடிப்போய்ப் பெட்டிச் சாவியைத் தேடி எடுத்து மகனின் உள்ளங்கையில் வைத்து அமுக்கினான். சற்று நேரத்தில் இழுப்பு நின்றது. இரும்பு கொடுத்தால் நிற்கும் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரை கொடுத்து, ஒருநாளும் விடாமல் சாப்பிடச் சொன்னார். பக்கத்து ஊர்க் கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று, காரியாபட்டிக்கு பஸ் ஏறிப்போய் வாங்கி வந்தான் சங்கிலிமுத்து. வீட்டுக்குள் அந்தச் சீக்கின் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. "அது வந்துச்சா?" "அது வரலை." அவ்வளவுதான்.

இசைவாணி அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி விழுந்ததைப் பார்த்த பிறகு அவள் படிப்பின் திசையே மாறியது. மூளையைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்று கிளம்பி, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தாள். எங்கள் வகையறாவில் விமானத்தைத் தரையிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் நாங்கள். அவள் அதில் ஏறி வெளிநாட்டுக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்தாள். ஆனால் அங்கே என்ன செய்கிறாள் என்பது தாய் சண்முகத்தாய்க்குத் தெரியாது. தை மாதம் லீவில் வந்தபோதுதான் தெரிந்தது.

அன்று அவர்கள் வீட்டில் எனக்கும் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பும் சீனி அவரைக்காய் வெஞ்சனமும். பட்டாசுக் கம்பெனியில் சண்முகத்தாயுடன் ஒரே அறையில் வேலை பார்க்கும் சுப்புத்தாய் குழம்பு வாசத்துக்கு வந்ததுபோல் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏத்தா இசை, பெங்களூருல என்ன வேலைன்னு கேட்டா உங்கம்மா 'மூளை வேலை'ங்கா. அப்ப நாங்கள்லாம் மூளை இல்லாமயா மருந்து அடைக்கோம்?"

"எலி மூளை அத்தை."

"எலிக்கு மூளை இருக்குங்கிறது எனக்கே தெரியும். எம்புட்டுப் பொறி வச்சாலும் மாட்ட மாட்டேங்குதே! ஒங்க லேபுல எப்படிப் பிடிக்கீக?"

"பிடிக்கிறதில்ல அத்தை. அதுக்குன்னு வளக்கிறாக. வெள்ளை எலி."

"வளக்கிறீகளா! இங்கன மூட்டைக்கு ஒண்ணு இருக்கு, சும்மாவே தாரேன்" என்று சிரித்துவிட்டு, கிண்ணத்தில் குழம்பை வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு சண்முகத்தாய் கேட்டாள். "வளத்து, அதை என்ன செய்வ?"

இசைவாணி தட்டைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "அதுக்கு வலிப்பு வரவைப்போம்மா."

சண்முகத்தாயின் கை சோற்றிலேயே நின்றது.

"மயக்க மருந்து குடுத்து, தலைமுடி மாதிரி ஒரு குழாயை மூளைக்குள்ள வச்சிருப்போம். வலிப்பு வர்றதுக்கு முன்னாடி, வர்றப்ப, நின்ன பொறகுன்னு அதுவழியா வர்ற நீரைச் சேத்து வைப்போம். எந்தச் சரக்கு கூடுது, எது குறையுதுன்னு அதுல அளந்து பாப்போம்."

"வரவைப்பியா? நீயா?"

"ஆமாம்மா."

"இவன் விளுந்து கெடக்கிறப்ப பாத்திருக்கேல்ல? வாயில நுரை தள்ளி, கண்ணு சொருகி... அதை ஒரு வாயில்லாச் சீவனுக்கு நீ உங்கையால வரவைப்பியா? அதுக்கா நான் ஒன்னைய அம்புட்டு தூரம் அனுப்புனேன்?"

"பாவந்தாம்மா. இல்லைன்னு நான் சொல்லலை. பாவம்னு தெரிஞ்சுதான் செய்றேன். அதனாலதான் ஒரு எலியைக்கூட வீணாக்கக் கூடாதுன்னு பாடுபடுறேன். மனுசன் மூளைக்குள்ள வலிப்பு நேரத்துல இப்படிக் குழாய் வச்சுப் பாக்க முடியாதும்மா. தம்பிக்கு உள்ள என்ன நடக்குதுன்னு வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

சங்கிலிமுத்து தொண்டையைச் செருமினான். "என்னதான் நடக்குது? சொல்லு பாப்போம்."

இசைவாணி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "ஒரு நரம்பு பக்கத்து நரம்புகிட்ட பேசுறது சரக்கை ஊத்தித்தான்ப்பா. குளுட்டமேட்டுன்னு ஒண்ணு, அது 'பத்திக்கோ'ன்னு சொல்லும். காபான்னு ஒண்ணு, 'சும்மா இரு'ன்னு சொல்லும். ரெண்டும் நிதானமா இருந்தா நம்ம பாட்டுக்குச் சோறு திங்கிறோம், பேசுறோம். வலிப்புல 'பத்திக்கோ' கொட்டுது, 'சும்மா இரு' தோத்துப்போகுது. சரவெடி மாதிரி ஒண்ணுலேருந்து ஒண்ணு."

"சரம் பத்துனா தீந்தாத்தான நிக்கும்?"

"அங்கனதாம்ப்பா வித்தியாசம். இது தீர்றதுக்கு முன்னாடியே நிக்குது. வெடிக்கிற அந்த இடத்துலயே அடினோசின்னு இன்னொரு சரக்கும் ஊறுது. வலிப்பு வலுக்க வலுக்க அதுவும் ஏறிக்கிட்டே போகுது. ஒரு கட்டத்துல நெருப்பு மேல ஈரச்சாக்கைப் போட்ட மாதிரி அமுக்கிருது. முழுக்க அதனாலதானான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

மண்டைக்குள் தீயும் உண்டு, அதை அணைக்கிறதும் அங்கேயே ஊறுகிறது. அதைப் போய்ப் பார்த்து வந்து சொல்கிறவள் எங்கள் வீட்டுப் பிள்ளை.

"அப்ப நான் சாவி குடுத்தது?" என்றான் சங்கிலிமுத்து, கொஞ்சம் கோபமாகவே.

"நீங்க சாவி தேடி எடுக்கிறதுக்குள்ள அது நிக்கிற நேரம் வந்திருக்கும்ப்பா. இரும்பால நிக்கலை. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலையில அடிபடாம பாத்துக்கிட்டா அதுவா அடங்கும். ரொம்ப நீடிச்சா மட்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "ஆனா திரும்பத் திரும்ப வந்த மூளையில அமுக்குற சரக்கு சீக்கிரம் கரைஞ்சுபோகுதுலே. மாத்திரையை விடாத. மருந்து ரூமுக்குப் போகாத. ஒனக்காக மட்டும் சொல்லலை. அந்த ரூமுல இன்னும் மூணு பேரு இருக்காக."

"வேற எங்கன போகச் சொல்ற? காரணம் கேப்பாகள்ல?" என்றான் புகழேந்தி.

"காரணத்தைச் சொல்லு."

"சொல்ல மாட்டான்" என்றான் சங்கிலிமுத்து. "என் மகனைப் பாத்து ஊரு உச்சுக் கொட்ட நான் விட மாட்டேன். அவுக அம்மா கூடவே இருக்கா. பாத்துக்கிடுவா."

சண்முகத்தாய், மகள் ஊருக்குக் கிளம்பும்போது எப்போதும் சாத்தூர்ச் சேவு கட்டிக்கொடுப்பாள். அந்தத் தடவை கொடுக்கவில்லை. பஸ் ஏற்றிவிடவும் போகவில்லை.

ஆடி பிறந்தால் எங்கள் பக்கத்தில் சீசன் சூடு பிடிக்கும். ஆர்டர் வந்து குவியும். கரிசல் காடு வெடித்துக் கிடக்கும். காற்றில் ஈரம் என்பதே இருக்காது. பட்டாசு வேலைக்கு அந்த வறட்சிதான் சீதேவி. விடிந்ததும் தூக்குச்சட்டிகளோடு பெண்கள் ரோட்டில் நிற்பார்கள். கம்பெனி வேன் வந்ததும் ஏறிக்கொள்வார்கள். அதற்குள் நடக்கும் பேச்சைக் கேட்டால் கல்யாண வீடு தோற்றுவிடும்.

கேட்டில் வாட்ச்மேனிடம் ஊக்கு, கொண்டை ஊசி, சாவி, செல்போன் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரும்பு உரசினால் பொறி. பொறி பறந்தால் ஆள் மிஞ்சாது. அதனால் மருந்து அள்ளுவது மரக்கரண்டியில். தரையில் ரப்பர் விரிப்பு. வாசலில் ஒரு செம்புத் தகடு. கையை அதில் வைத்து, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே நுழைய வேண்டும். ஒரு அறைக்கு நாலு பேர். சண்முகத்தாய் இருந்த அறையில் அவள், புகழேந்தி, சுப்புத்தாய், வெள்ளைத்தாய்.

மகனைத் தன் பக்கத்திலேயே போடச் சொல்லி போர்மேனிடம் மல்லுக்கட்டி வாங்கியவள் சண்முகத்தாய். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கேலிக்குக் குறைவில்லை.

"அக்கா, இன்னும் பால்குடி மறக்கலையாக்கும் ஒங்க மகன்?" என்பாள் வெள்ளைத்தாய். அவள் வயதில் சின்னவள், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாய். வாய் வேகமும் கை வேகமும் ஒன்றுபோல இருக்கும்.

"நாளைக்குப் பொண்டாட்டி வந்தாலும் நடுவுல மதினிதான் படுத்துக்கிடுவாக" என்பாள் சுப்புத்தாய்.

"போங்கடி. ஒங்களுக்குப் பொறாமை" என்று சிரித்துக்கொண்டே குழலில் மருந்தைச் செலுத்துவாள் சண்முகத்தாய். கை வேலையில் இருக்கும். கண் மகனின் முகத்தில் இருக்கும். ஒரு மனுசி வருடக்கணக்கில் அப்படி ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தாள், ஒரு குழலிலும் மருந்து கூடவோ குறையவோ இல்லாமல். இதை நான் பெரிதாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாத்திரை சாப்பிட்டால் புகழேந்திக்குக் கண்ணைச் சொக்கும். கை தளரும். சீசனில் கை தளர்ந்தால் போர்மேன் ஏசுவான். ஆவணி மாதம் ஆர்டர் நெருக்கிய வாரத்தில் அவன் தாய்க்குத் தெரியாமல் மாத்திரையை விட்டான். 'அது' வந்து வெகுநாளாகிவிட்டது, இனி வராது என்று அவனாக நினைத்துக்கொண்டான்.

காலைக் கஞ்சி குடித்துவிட்டு எல்லோரும் திரும்பவும் வேலையில் உட்கார்ந்த நேரம். நல்ல வெயில். சுப்புத்தாய் தன் மருமகளின் சமையலைப் பழித்துக்கொண்டிருந்தாள். புகழேந்தியின் கண் ஒரு இடத்தில் நிலைகுத்தியதைச் சண்முகத்தாய் பார்த்தாள். எட்டி அவனைப் பிடிப்பதற்குள் அவன் சாய்ந்தான். மருந்துத் தட்டு கவிழ்ந்தது. வெள்ளி நிறத்தில் மருந்து விரிப்பு முழுவதும் சிந்தியது. சிந்திய மருந்தின் மேலேயே அவன் கால்கள் உதைத்துக்கொள்ள ஆரம்பித்தன.

மருந்து சிந்தினால் வெளியே ஓடு என்பதுதான் அங்கே முதல் பாடம். வெள்ளைத்தாய் ஓடினாள். சுப்புத்தாயும் ஓடினாள். சண்முகத்தாய் ஓடவில்லை. மகனை இழுத்து வெளியே போடலாம் என்றால் அவன் குதிகால் விரிப்பில் உரசும். அந்த உரசல் ஒன்றே போதும். அவள் அவன் கால்களின் மேல் தன் உடம்பைச் சாத்தி, அவை அசையாமல் அமுக்கிக்கொண்டாள். அவனை ஒருக்களிக்க வைத்து, ஒரு கையை அவன் தலைக்குக் கீழே கொடுத்தாள். அந்த அமுக்கலில் தானும் அசையக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக் கிடந்தாள்.

சுப்புத்தாய் ஓடியது தப்பிக்க இல்லை. நேராகக் கேட்டுக்குப் போய், வாட்ச்மேன் மேசையில் கிடந்த பெரிய சாவிக்கொத்தைப் பறித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். வெள்ளைத்தாய் உட்பட அக்கம்பக்கத்து அறைப் பெண்கள் தூரத்தில் நின்று, "கையில குடு, கையில குடு" என்று கத்தினார்கள். அவர்களில் ஒருத்திகூட ஒரு கொண்டை ஊசியோடு உள்ளே வந்ததில்லை. புதிதாக வரும் பிள்ளைகளின் தலையைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்புகிறவளே சுப்புத்தாய்தான். ஆனால் ஓர் உயிர் வெட்டி இழுப்பதைப் பார்த்ததும், கம்பெனி சொல்லிக்கொடுத்தது மறந்து, பிறந்ததிலிருந்து கேட்டது முன்னால் வந்துவிட்டது. வலிப்புக்கு இரும்பு.

"ஏ சுப்பு! இரும்பு! உள்ள வராத!" என்று கத்தினாள் சண்முகத்தாய்.

"கையில வச்சா நின்னுரும் மதினி! இந்தா வந்துட்டேன்!"

"வராதடி!"

சுப்புத்தாயின் காதில் ஏறவில்லை. சாவிகள் குலுங்க வாசல்படியை நெருங்கிவிட்டாள். ஓடி வந்த வேகத்தில் அந்தக் கொத்து ஒரு தடவை கீழே விழுந்தால் போதும். சண்முகத்தாயால் எழுந்து தடுக்க முடியாது. எழுந்தால் மகனின் கால் உதறும்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"சுப்பு, எம்மகனுக்கு இது புதுசு இல்லை! வருசக்கணக்கா இருக்கு! நான்தான் மறைச்சேன்! இரும்புல நிக்காது. அதுவா அடங்கும். நான் பாத்திருக்கேன். நீ அங்கனயே நில்லு!"

'இரும்பு' என்ற சொல்லுக்கு நிற்காத சுப்புத்தாயின் கால் இதற்கு நின்றது. படிக்கு வெளியே, வாயைத் திறந்தபடி, சாவிக்கொத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெளியே கத்திக்கொண்டிருந்த பெண்களும் அடங்கினார்கள். ஓடி வந்த போர்மேனும் கேட்டான். அத்தனை பேர் முன்னாலும், கட்டிக் காத்த ரகசியத்தை அவள் தன் வாயாலேயே போட்டு உடைத்திருந்தாள்.

அவன் கால் அவளுக்குக் கீழே உதைத்தது, உதை மெல்ல மெல்லத் தளர்ந்தது, கடைசியில் நின்றது. சுப்புத்தாய் சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்தாள். போர்மேனும் அவளுமாகச் சேர்ந்து புகழேந்தியைத் தரையில் படாமல் தூக்கி வேப்பமரத்து நிழலில் போட்டார்கள். சண்முகத்தாய் எழுந்தபோது, அவளுடைய சேலை முழுவதும் வெள்ளி மின்னியதாகச் சுப்புத்தாய் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அன்று சாயங்காலம் வேன் வரும்போதே செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. சண்முகத்தாய் இறங்கியதும் வெள்ளைத்தாயும் கூடவே இறங்கி நடுரோட்டில் வழி மறித்தாள்.

"அக்கா, பால்குடி மறக்கலையான்னு நான் கேலி பேசுனேனே. அப்பவாவது எங்கிட்டச் சொன்னியா? எம்புள்ளைக ரெண்டும் காலையில எனக்கு டாட்டா காட்டிட்டுப் பள்ளிக்கூடம் போகுதுக. சாயங்காலம் நான் வருவேன்னு நம்பித்தான் போகுதுக. அந்த நம்பிக்கை மேல ஒம்மகனை உக்கார வச்சுட்டியே!"

சண்முகத்தாய் தலையை நிமிர்த்தியே நின்றாள். "ஆமா வெள்ளை. தப்புத்தான்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?"

"ஆகாது."

வெள்ளைத்தாய் தூக்குச்சட்டியை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டதில் ஒரு சொல்கூட அநியாயம் இல்லை என்பதை எங்கள் வகையறா சார்பில் நான் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை இசைவாணி வந்துவிட்டாள். வந்ததும் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நாக்கைப் பார்த்தாள்; கண்ணைப் பார்த்தாள்; மாத்திரையை விட்டாயா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் திட்டவில்லை. சண்முகத்தாய் தோசைக்கல்லைப் போட்டாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"ஏத்தா, ஒன் எலிக கடைசியில என்னாகும்?"

"செத்துப்போகும்மா. மயக்கத்துலயே. அதோட மூளையை எடுத்துப் பாக்கணும்."

"வலிக்குமா?"

"வலிக்காமத்தான் செய்வோம். அதுக்குக் கமிட்டி இருக்கு, சட்டம் இருக்கு. ஆனா அதுகிட்ட நாங்க கேட்டுட்டுச் செய்யலையேம்மா."

சண்முகத்தாய் தோசையைத் திருப்பினாள். "நேத்து அவன் மேல கெடக்கும்போது எனக்குச் சாமி ஞாபகம் வரலை. ஒன் எலிதான் ஞாபகம் வந்துச்சு. அமுக்குற சரக்கு ஊறும், ஊறும்னு சொல்லிக்கிட்டே கெடந்தேன். அந்த எலி மட்டும் காட்டிக்குடுக்கலைன்னா, அந்தச் சாவியை உள்ள கொண்டான்னு நானே கத்தியிருப்பேன்." தட்டை மகள் முன்னால் வைத்தாள். "போயி ஒன் வேலையை ஒளுங்காப் பாரு. அதுகளுக்கு வேளாவேளைக்குத் தீனி போடு."

இசைவாணி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அந்தத் தாயிடம் அந்த வார்த்தையை வாங்கியது எந்தப் பட்டத்துக்கும் குறைந்தது இல்லை என்று, அவள் பிறகு சொல்லக் கேட்டபோது எனக்குத் தோன்றியது.

வெயில் ஏறும் நேரத்தில் வீட்டு முன்னால் கம்பெனி கார் வந்து நின்றது. மேனேஜர் நவநீதகிருஷ்ணன் இறங்கினார். முதலாளி வகையில் சொந்தம். படித்த, தன்மையான மனிதர். பின்னாலேயே சுப்புத்தாயும் வெள்ளைத்தாயும் இறங்கினார்கள். அறையைக் கழுவி மூடி வைத்திருந்ததால் அன்று அவர்களுக்கு வேலை இல்லை. சங்கிலிமுத்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். நான் போய்ச் சுவர் ஓரம் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, நல்லவேளை, ஒண்ணும் ஆகலை" என்றார் மேனேஜர். "இதை இத்தோட விட்ருவோம். வெயிலு, பையன் சரியாச் சாப்பிடலை, மயக்கம் போட்டுட்டான். அம்புட்டுத்தான். ஆபீசர் வந்து கேட்டாலும் இதையே சொல்வோம். இவுக ரெண்டு பேரும் சரின்னுட்டாக. பையனுக்கும் வெளியே பெட்டி ஒட்டுற எடத்துல வேலை போட்டுத் தாரேன். ஊருலயும் பேச்சு அடங்கிரும். அம்மாவும் மனசு பதறி ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாகன்னு ஆயிரும்."

சங்கிலிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். கேட்காமலே வந்த வரம் அது. மகனுக்கு வேலை, வீட்டுக்கு மானம், ஊரின் உச்சுக்கொட்டலுக்கு மூடி. அவன் தலை சரி என்று அசையத் தொடங்கியது. சண்முகத்தாய் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இசைவாணி பேச வாயெடுத்தாள். தாய் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் பார்வை மகன் மேல் இருந்தது, அந்த அறையில் இருந்த மாதிரியே.

கட்டிலில் சுருண்டு கிடந்த புகழேந்தி எழுந்து வந்தான். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. மேனேஜரைப் பார்க்காமல் வெள்ளைத்தாயைப் பார்த்துச் சொன்னான்.

"சித்தி, வெயில் இல்லை. எனக்கு வலிப்பு இருக்கு."

அந்தச் சொல்லை அவன் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஒங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டே சொல்லாம இருந்தேன். மாத்திரையையும் விட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. சார், வெயில்னு சொன்னா நாளைக்கு இன்னொருத்தன் இப்படித்தான் வந்து உக்காருவான். எனக்கு அந்த வேலை வேண்டாம்."

சங்கிலிமுத்துவின் தலை அசைவது நின்றது. மகனைக் கூர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து, தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றான். "அவன் சொல்றதுதான் சார். நாந்தான் மறைக்கச் சொன்னேன். எங்கன வந்து சொல்லணுமோ அங்கன வந்து சொல்றோம்."

எத்தனை லோடு ஏற்றியும் வளைய மறுத்த அந்த முதுகு, அன்று நின்ற அளவுக்கு நேராக நின்று நான் எப்போதும் பார்த்ததில்லை.

மேனேஜர் சங்கடப்பட்டார். "அவசரப்படாதீக. வெள்ளைத்தாயி, நீ சொல்லும்மா. நேத்து நீ பாத்தது என்ன?"

வெள்ளைத்தாய் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "நான் என்னத்தை சார் பாத்தேன்? நாந்தான் மொதல்ல ஓடிட்டேனே. பாத்தவுக ரெண்டு பேரு. ஒருத்தி கையில சாவியோட வெளிய நின்னா. இன்னொருத்தி மகனைப் பிடிச்சுக்கிட்டு உள்ள கெடந்தா. அவுக சொன்னாப் போதும். நான் வெயில்னு சொல்ல மாட்டேன். அவனே சொல்லிட்டான்ல."

"அப்ப பையன் வேலை?"

"போகட்டும் சார். ஆளு உசுரோட இருக்கான்ல."

அவள் படி இறங்கினாள். சுப்புத்தாயும் மூக்கைச் சிந்திக்கொண்டே பின்னால் இறங்கினாள். தெருவில் நாலு எட்டு போன வெள்ளைத்தாய் நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு வண்டிக்கு வருவேல்ல? ஒங்க நிறுத்தந்தான மொதல்ல வருது. எனக்கு எடம் போட்டு வையி."

சண்முகத்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சன்னலோரம் கேக்காத. அது சுப்புக்கு."